கீழாநெல்லிச் சாற்றின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை டிபிபிஎச் முறையில் அளக்கும் வழி

மூலிகைச் சாறுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை அளக்கப் பல சோதனைகள் இருந்தாலும், கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் முதலில் கையிலெடுக்கப்படுவது டிபிபிஎச் சோதனைதான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் அளக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், நான்கு தசம இடம் வரை காட்டும் தராசு, மைக்ரோபிப்பெட்டுகள், தூய மெத்தனால் ஆகியவை இருந்தால் போதும். செய்வதற்கு எளிது என்பதாலேயே கவனக்குறைவாகச் செய்யப்படும் சோதனையாகவும் இது ஆகிவிட்டது. ஒரே செடிக்கு இரண்டு ஆய்வேடுகள் பல மடங்கு வேறுபட்ட எண்களைத் தருவதற்குச் செடி மட்டும் காரணமன்று. அந்த எண்ணை எப்படிப் பெற்றார்கள் என்பதும் அதே அளவுக்குக் காரணம். ஆகவே இங்கே கீழாநெல்லியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தோடு சேர்த்தே எழுதுகிறேன். முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வில் முதன்முறையாக இந்தச் சோதனையைச் செய்யப்போகும் மாணவரை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

சோதனையின் அடிப்படை

இணை சேராத எலக்ட்ரானைக் கொண்டு, பெரும்பாலும் நிலையின்றி உடனே வினைபுரியும் மூலக்கூறுகளைத் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) என்பர். டிபிபிஎச் என்பது அறை வெப்பநிலையிலேயே நிலைத்து நிற்கும் அரிதான தனி உறுப்புகளுள் ஒன்று. இதன் நைட்ரஜன் அணுவில் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால், மெத்தனாலில் கரைத்தால் ஆழ்ந்த ஊதா நிறம் தோன்றும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை வலுவாக உறிஞ்சும். சாற்றிலுள்ள பாலிஃபீனால் போன்ற பொருள்கள் தம் ஹைட்ரஜன் அணுவையோ எலக்ட்ரானையோ கொடுக்கும்போது அந்த எலக்ட்ரான் இணை சேர்ந்துவிடுகிறது. ஊதா நிறம் வெளுத்து மஞ்சளாகிறது. நிறம் எவ்வளவு குறைந்தது என்பதே நாம் அளப்பது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை இந்த நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கலாம் என்பதை பிளாய்ஸ் 1958இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1995இல் பிராண்ட் வில்லியம்ஸ் குழுவினர் அதை வினையின் வேகத்தோடு சேர்த்து ஆராய்ந்து, இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வடிவத்துக்குக் கொண்டுவந்தனர்.

செடியை உறுதிசெய்தல்

கீழாநெல்லி என்று கடையில் வாங்கும் உலர்ந்த செடிக்கட்டில் ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது வழக்கமானது. நமக்கு வேண்டியது ஃபில்லாந்தஸ் அமாரஸ். வயலோரத்தில் இதனோடு சேர்ந்து வளரும் ஃபில்லாந்தஸ் டெபிலிஸ், பார்வைக்கு ஏறத்தாழ இதைப்போலவே இருக்கும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், அமாரஸின் பூவில் ஐந்து இதழ்களும் டெபிலிஸின் பூவில் ஆறு இதழ்களும் தெரியும். ஃபில்லாந்தஸ் யூரினேரியாவின் காய்க்கு ஏறக்குறைய காம்பே இராது. அதன் மேற்பரப்பும் சொரசொரப்பாக இருக்கும். பூவும் காயும் உதிர்ந்துபோன கடைச்சரக்கில் இவற்றைப் பிரித்தறிவது கடினம் என்பதால், பூத்துக் காய்த்த செடியை நேரில் பறிப்பதே நல்லது.

பறித்தவற்றில் வேரோடு கூடிய ஒரு முழுச்செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ (உலர்செடிக் காப்பகம்) காட்டி இனத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சான்றிதழ் எண் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். பலர் இதைச் சடங்காகக் கருதிச் சோதனைகள் எல்லாம் முடிந்தபின் சான்றிதழுக்கு அலைகிறார்கள். இனம் தவறென்று அப்போது தெரிந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

உலர்த்தலும் சாறெடுத்தலும்

செடியை மண் போகக் கழுவி, கடைசியாக ஒருமுறை வாலைவடிநீரில் அலசி, காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். வெயிலில் காயவைத்தால் பாலிஃபீனால்கள் சிதையும். குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தண்டை வளைத்தால் மடங்காமல் ஒடிய வேண்டும், அதுவே உலர்ந்ததற்கு அடையாளம். மிக்ஸியில் இடைவெளி விட்டுவிட்டு அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத புட்டியில் வைக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடாகிவிடும். ஒன்றிரண்டு கிராம் பொடியை 105 பாகை செல்சியஸில் எடை மாறாத நிலை வரை உலர்த்தி ஈரப்பதத்தையும் கணக்கிட்டுக்கொண்டால், பிற்பாடு முடிவை உலர் எடைக்கு மாற்றி எழுத முடியும்.

சாறெடுக்க 10 கிராம் பொடிக்கு 100 மில்லி 70 சதவீத மெத்தனால் என்ற விகிதம் பொருத்தமானது. கீழாநெல்லியில் தனி உறுப்புகளை முடக்கும் வேலையைப் பெரிதும் செய்பவை ஜெரானின், கோரிலாஜின் போன்ற எலாஜிடானின்கள் (பாலிஃபீனால்களில் டானின் என்ற வகையைச் சேர்ந்தவை). இவை வெறும் மெத்தனாலைவிட நீர் கலந்த மெத்தனாலில் நன்றாக இறங்கும். ஃபில்லாந்தின் போன்ற லிக்னன்கள் இச்செடியின் அடையாளப் பொருள்களாகப் பேசப்பட்டாலும், இந்தச் சோதனையில் அவற்றின் பங்கு குறைவு. மூடிய கூம்புக் குடுவையில் ஷேக்கரில் 24 மணி நேரம் அறை வெப்பநிலையில் குலுக்கி, வாட்மன் எண் 1 வடிதாளில் வடிகட்டி, சக்கையை மேலும் இரு முறை புதிய கரைப்பானில் இதேபோல் குலுக்கி, மூன்று வடிநீரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கவிடும் வழக்கத்தை இந்தச் செடிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சூட்டில் ஜெரானின் உடைந்து வேறு பொருள்களாக மாறும் என்பதால், நாம் அளப்பது செடியிலிருந்த பொருளை அன்று, சமைத்தபின் எஞ்சிய பொருளை என்றாகிவிடும்.

சேர்த்த வடிநீரை ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 முதல் 45 பாகைக்கு மேற்படாமல் வற்றவைக்க வேண்டும். மெத்தனால் விரைவில் போய்விடும். எஞ்சிய நீரை உறைநிலை உலர்த்தியில் நீக்குவது சிறந்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, 50 பாகைக்குக் கீழான நீர்த்தொட்டியில் பொறுமையாக உலர்த்தலாம். கிடைத்த உலர்சாற்றின் எடையைப் பொடியின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது விளைச்சல் சதவீதம். உலர்சாற்றைப் பழுப்புநிறப் புட்டியில் உறைவிப்பானில், இயன்றால் கழித்தல் 20 பாகையில், வைத்துக்கொள்ளலாம். மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பிடிப்பது. ஆகவே ஊற்றுவதையும் வற்றவைப்பதையும் புகைபோக்கி அடைப்பினுள் கையுறையோடுதான் செய்ய வேண்டும்.

டிபிபிஎச் கரைசல்

டிபிபிஎச்சின் மூலக்கூறு எடை 394.3. லிட்டருக்கு 0.1 மில்லிமோல் செறிவுள்ள கரைசல் வேண்டுமானால் 100 மில்லிக்கு 3.9 மில்லிகிராம் போதும் என்பதால், பலர் அதையே நேரடியாக எடைபோடுகிறார்கள். 0.1 மில்லிகிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் இவ்வளவு சிறிய எடையை எடுத்தால், தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே இரண்டரை சதவீதப் பிழை வந்துவிடும். அதற்குப் பதிலாக 19.7 மில்லிகிராமை 100 மில்லி ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் கரைத்து 0.5 மில்லிமோலார் இருப்புக் கரைசலாக்கி, அதில் 20 மில்லியை எடுத்து மெத்தனாலால் 100 மில்லியாக்கினால் பிழை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். துகள்கள் முழுதாகக் கரைய சோனிக்கேட்டரில் சில நிமிடங்கள் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த டிபிபிஎச் புட்டியை அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்கக்கூடாது. திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும். கரைசலை அலுமினியத் தாள் சுற்றிய குடுவையில் வைத்து அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

கரைசல் சரியாக அமைந்ததா என்பதை உடனே சரிபார்க்கலாம். 3 மில்லி டிபிபிஎச்சோடு 1 மில்லி மெத்தனால் சேர்த்தால் இறுதிச் செறிவு 75 மைக்ரோமோலார் ஆகும். ஒரு செண்டிமீட்டர் கியூவெட்டில் 517 நானோமீட்டரில் அதன் உறிஞ்சல் 0.8 முதல் 0.95 வரை இருக்க வேண்டும். இதைவிட மிகக் குறைவாக இருந்தால் சரக்கு பழையது, அல்லது எடை தவறு, அல்லது முழுதாகக் கரையவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

சோதனைக் குழாய்கள்

உலர்சாற்றில் 10 மில்லிகிராமை 10 மில்லி 70 சதவீத மெத்தனாலில் கரைத்தால் மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் இருப்புக் கரைசல் கிடைக்கும். முதலில் 1000, 100, 10, 1 என்று பத்துப்பத்து மடங்காக நீர்த்து ஒரு முன்னோட்டம் பார்க்க வேண்டும். எந்த இரு செறிவுகளுக்கிடையே ஊதா நிறம் பாதியாகிறது என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஐந்து அல்லது ஆறு செறிவுகளைத் தேர்ந்துகொண்டால், விளைவுகள் 20 முதல் 80 சதவீதத்துக்குள் பரவலாக அமையும். முன்னோட்டம் பாராமல் ‘100, 200, 300, 400, 500’ என்று வழக்கமான வரிசையைப் போட்டவர்களின் வரைபடத்தில், ஐந்து புள்ளிகளும் 90 சதவீதத்துக்கு மேல் கிடைக்கோடாக நிற்பதைக் காணலாம். அதிலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு குழாய்கள் தேவை. மூன்றில் 1 மில்லி சாற்றுக் கரைசலும் 3 மில்லி டிபிபிஎச்சும். நான்காவதில் 1 மில்லி சாற்றுக் கரைசலும் 3 மில்லி வெறும் மெத்தனாலும். இந்த நான்காவது குழாய்தான் நிறத்திருத்தக் குழாய். இதை விட்டுவிடுவதே இந்தச் சோதனையில் மிகுதியாகக் காணப்படும் குறை. கீழாநெல்லிச் சாறு பச்சையும் பழுப்பும் கலந்த நிறமுடையது. அந்த நிறமும் 517 நானோமீட்டரில் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். அதைக் கழிக்காவிட்டால் அந்த உறிஞ்சலும் வினைபுரியாத டிபிபிஎச்சின் கணக்கில் சேர்ந்து, சாற்றின் திறனைக் குறைத்துக் காட்டும். இவற்றோடு, 1 மில்லி 70 சதவீத மெத்தனாலும் 3 மில்லி டிபிபிஎச்சும் கொண்ட ஒப்பீட்டுக் குழாய்கள் மூன்று வேண்டும். சாறு கரைந்திருக்கும் அதே கரைப்பானையே ஒப்பீட்டுக் குழாயிலும் பயன்படுத்த வேண்டும்.

மெத்தனாலைப் பிப்பெட்டால் எடுக்கும்போது அதன் ஆவி அழுத்தத்தால் முனையிலிருந்து தானாகச் சொட்டும். எடுப்பதற்கு முன் முனையை இரண்டு மூன்று முறை மெத்தனாலில் நனைத்து வெளியேற்றினால் சொட்டுவது நிற்கும். இது சிறிய செய்தி போலத் தோன்றினாலும், மும்முறை எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

டிபிபிஎச்சை எல்லாக் குழாய்களிலும் ஒரே மூச்சில் ஊற்றாமல், 30 விநாடிக்கு ஒரு குழாய் என்ற ஒழுங்கில் சேர்த்துக் கலக்கி, இருட்டான அலமாரியில் வைத்து, சரியாக 30 நிமிடம் கழிந்தபின் அதே வரிசையில் அதே இடைவெளியில் அளந்தால் எல்லாக் குழாய்களுக்கும் வினைநேரம் ஒன்றாகும். அஸ்கார்பிக் அமிலம் கலந்த உடனேயே வினையை முடித்துவிடும். டானின்கள் மெதுவாக வினைபுரியும். 30 நிமிடம் போதுமா என்பதை அறிய, இடைப்பட்ட ஒரு செறிவை 15, 30, 45, 60 நிமிடங்களில் அளந்து பார்க்க வேண்டும். 30க்குப் பிறகும் கணிசமாகக் குறைந்துகொண்டே இருந்தால் நேரத்தை நீட்டி, நீட்டிய நேரத்தையே எல்லாவற்றுக்கும் பின்பற்றி, அதை ஆய்வேட்டில் குறிப்பிட வேண்டும். வெப்பநிலையும் வினைவேகத்தை மாற்றும். சித்திரை வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தில் எடுத்த எண்ணை மார்கழியில் எடுத்த எண்ணோடு ஒப்பிடக்கூடாது; 25 பாகை நீர்த்தொட்டியில் வைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் விளக்கை 20 நிமிடம் முன்னதாகவே போட்டுவைத்து, மெத்தனாலால் பூஜ்யம் செய்துகொள்ள வேண்டும். கண்ணாடி கியூவெட் போதுமானது, குவார்ட்ஸ் தேவையில்லை. குழாய் கலங்கலாகத் தெரிந்தால் 700 நானோமீட்டரிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். டிபிபிஎச் அங்கே ஒளியை உறிஞ்சாது என்பதால், அங்கு எண் வந்தால் அது கலங்கலின் விளைவு. அந்தக் குழாயை மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த பகுதியை மட்டும் அளக்க வேண்டும்.

கணக்கிடுதல்

சாற்றுக் குழாயின் உறிஞ்சலிலிருந்து நிறத்திருத்தக் குழாயின் உறிஞ்சலைக் கழித்து, அந்த விடையை ஒப்பீட்டுக் குழாயின் உறிஞ்சலிலிருந்து கழித்து, ஒப்பீட்டின் உறிஞ்சலால் வகுத்து, நூறால் பெருக்கினால் தடுப்புச் சதவீதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒப்பீடு 0.900, சாறு 0.480, நிறத்திருத்தம் 0.030 என்று வைத்துக்கொள்வோம். திருத்திய உறிஞ்சல் 0.450, தடுப்பு 50 சதவீதம். நிறத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் 46.7 சதவீதம் என்று வந்திருக்கும். செறிவு கூடக்கூட இந்த வேறுபாடும் கூடும்.

தனி உறுப்புகளில் பாதியை முடக்கத் தேவையான செறிவே ஐசி50 எனப்படுவது. இது குறையக் குறையத் திறன் கூடுதல் என்று பொருள். செறிவை கிடை அச்சிலும் தடுப்புச் சதவீதத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் கிடைப்பது நேர்கோடன்று. மேலே போகப்போக வளைந்து தட்டையாகும் கோடு. எக்செல் தாளில் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அதன் சமன்பாட்டிலிருந்து ஐசி50 எடுப்பது தவறான எண்ணையே தரும். நேராக ஏறும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வளைகோட்டைப் பொருத்தும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். மிக உயர்ந்த செறிவிலும் 50 சதவீதத்தைத் தொடாவிட்டால், கோட்டை நீட்டி ஊகிக்காமல் ‘இந்தச் செறிவுக்கு மேல்’ என்று மட்டும் எழுத வேண்டும்.

எந்தச் செறிவைச் சொல்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். குழாயில் சேர்த்த கரைசலின் செறிவு வேறு, 4 மில்லியாகக் கலந்தபின் உள்ள இறுதிச் செறிவு வேறு. இரண்டுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு. ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் எழுதினால், ஒரே சாற்றின் திறன் நான்கு மடங்கு மாறியதாகத் தோன்றும். இறுதிச் செறிவை எழுதுவதே முறை.

அஸ்கார்பிக் அமிலத்தால் சரிபார்த்தல்

சாற்றோடு அஸ்கார்பிக் அமிலத்தையும் தரப்பொருளாக வைத்து அதே நாளில் சோதிப்பது வழக்கம். அதன் எண்ணை அட்டவணையில் சாற்றின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் நம் சோதனை முழுவதும் சரியாக நடந்ததா என்பதைக் காட்டக்கூடியது அந்த எண்தான். ஓர் அஸ்கார்பிக் அமில மூலக்கூறு இரண்டு டிபிபிஎச் மூலக்கூறுகளை முடக்கும். நம் குழாயில் டிபிபிஎச் 75 மைக்ரோமோலார். அதில் பாதி 37.5, அதை முடக்க 18.75 மைக்ரோமோலார் அஸ்கார்பிக் அமிலம் தேவை. மூலக்கூறு எடை 176.1 என்பதால் இது மில்லிக்கு 3.3 மைக்ரோகிராம். நீங்கள் பெற்ற ஐசி50 இதை ஒட்டி அமைந்தால் தராசு, பிப்பெட், கரைசல்கள், கணக்கு எல்லாம் சரி. இதே அளவுகளில் மில்லிக்கு 30 அல்லது 50 மைக்ரோகிராம் என்று வந்தால், அமிலம் கெட்டுப்போயிருக்கிறது அல்லது நீர்த்தலில் பிழை இருக்கிறது. அன்றைய சாற்று எண்களையும் நம்ப முடியாது. அஸ்கார்பிக் அமிலக் கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. டிபிபிஎச்சின் செறிவை இரட்டிப்பாக்கினால் ஐசி50உம் இரட்டிப்பாகும். எனவே டிபிபிஎச்சின் இறுதிச் செறிவைச் சொல்லாத ஐசி50க்கு வேறோர் ஆய்வோடு ஒப்பிடும் தகுதி இல்லை. ஒரு கிராம் உலர்சாறு எத்தனை மில்லிமோல் ட்ரோலாக்ஸுக்கு (ஒப்பீட்டுக்குப் பயன்படும், வைட்டமின் ஈ போன்ற செயற்கைப் பொருள்) சமம் என்று எழுதினால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒப்பிடுவது எளிதாகும்.

‘மும்முறை செய்யப்பட்டது’ என்ற தொடருக்கும் விளக்கம் வேண்டும். ஒரே சாற்றை மூன்று குழாய்களில் ஊற்றுவது பிப்பெட்டின் நிதானத்தை மட்டுமே காட்டும். பொடியிலிருந்து தனித்தனியாக மூன்று முறை சாறெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியே ஐசி50 கண்டு, அந்த மூன்றின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொடுப்பதே உண்மையான மும்முறை.

வேறு சோதனைகளும் முடிவின் எல்லையும்

டிபிபிஎச் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், வேறு வகை வினையில் அமைந்த இன்னொரு சோதனையும் செய்வது நல்லது. ஃப்ராப் சோதனையில், பிஎச் 3.6 உடைய அசிட்டேட் பஃபரில், டிபிடிஇசட் என்ற வினைப்பொருளோடு இணைந்திருக்கும் ஃபெரிக் அயனியைச் சாறு ஃபெரஸாக மாற்றும் திறன் 593 நானோமீட்டரில் அளக்கப்படுகிறது. ஏபிடிஎஸ் என்ற வேறொரு நிறமுள்ள தனி உறுப்பைப் பயன்படுத்தும் ஏபிடிஎஸ் சோதனை 734 நானோமீட்டரில் அளப்பதால், அடர்நிறச் சாறுகளின் நிறம் அதில் அவ்வளவாகக் குறுக்கிடாது. மொத்தப் பாலிஃபீனாலை ஃபோலின் முறையில் காலிக் அமிலத்தை ஒப்பாக வைத்து 765 நானோமீட்டரில் அளக்கலாம். ஆனால் அந்த வினைப்பொருள் அஸ்கார்பிக் அமிலத்தோடும் வினைபுரியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல ஐசி50 கிடைத்துவிட்டால், ‘கீழாநெல்லி கல்லீரலைக் காக்கும் என்பது நிரூபணமாயிற்று’ என்று முடிவுரையில் எழுதும் ஆவல் எழும். அப்படி எழுதக்கூடாது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நெடுங்கால வழக்கம். ஆனால் மெத்தனாலில் கரைந்த ஒரு செயற்கைத் தனி உறுப்போடு சாறு புரிந்த வினை அதைப் பற்றி எதுவும் சொல்லாது. டிபிபிஎச் உடலில் இருப்பதில்லை. எலாஜிடானின்கள் குடலில் சிதைந்து மாறியபின்தான் உறிஞ்சப்படுகின்றன. உணவுப்பொருள்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை ஓராக் (இதுபோன்ற இன்னொரு ஆய்வகச் சோதனை) எண்களாகப் பட்டியலிட்டு வந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்கள் உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்ற காரணத்தால் 2012இல் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. ‘இந்தச் சாறு, இந்த நிலைமைகளில், டிபிபிஎச்சை இந்த அளவுக்கு முடக்கியது’ என்ற வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் செடியின் இனப்பெயரும் சான்றிதழ் எண்ணும், பறித்த இடமும் மாதமும், கரைப்பானும் அதன் விகிதமும், விளைச்சல் சதவீதமும், டிபிபிஎச்சின் இறுதிச் செறிவும் ஒப்பீட்டுக் குழாயின் உறிஞ்சலும், வினைநேரமும் வெப்பநிலையும், அஸ்கார்பிக் அமிலத்துக்கு அன்று கிடைத்த ஐசி50உம் இருந்தால், அதைப் படிக்கும் எவரும் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியும். அளந்து முடித்த கரைசல்களைத் தொட்டியில் கொட்டாமல், மெத்தனால் கழிவுக்கென்று பெயர் ஒட்டிய கேனில் சேர்த்து மூடி, கியூவெட்டுகளில் ஊதா நிறம் படியுமுன் மெத்தனாலால் அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.